கருவாயன் கால் கொடுத்தான்

நாய்க்கு மொத்தம் எத்தனை நகம் என்று கேட்டால், உங்களில் எத்தனை பேர் சட்டென்று பதில் சொல்வீர்கள்? முன்னங்கால்களில் ஐந்து ஐந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு. ஆக, 18. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் ஒவ்வொரு நகம் கூடுதலாக இருக்கும். அப்போது 20. எங்கள் பக்கத்தில் குட்டி வாங்கப் போகிற பெரியவர்கள் முதலில் காலைத் தூக்கி நகத்தைத்தான் எண்ணுவார்கள். இருபது நகம் இருந்தால் காவலுக்குக் கெட்டி என்று ஒரு நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் நிஜமோ, விடுங்கள். எண்ணி வாங்கியவர்களில் ஒருவராவது அந்த நகத்தை வெட்டுவதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் ஊர் குரங்கணி. போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், மேற்கு மலையின் அடிவாரம். ஊர்ப் பெயரைச் சொன்னால் பலருக்கு 2018 மார்ச் மாதக் காட்டுத்தீதான் நினைவுக்கு வரும். எங்களுக்கோ இது காபியும் மாவும் இலவமும் மேலே ஏலக்காயுமாகப் பிழைப்பு நடக்கிற ஊர். இங்கே நாய் என்றால் விடிந்ததும் ஆளோடு மலையேறும், பொழுது சாய இறங்கும். கல்லும் பாறையுமான பாதை நகத்தைத் தானாகவே தேய்த்துவிடும். நாய்க்கு நகம் வெட்டுவது டவுன்காரர்கள் வேலை என்று ஊரில் சிரிப்பார்கள்.

எங்கள் கருவாயனும் ஒன்பது வருடம் அப்படி ஏறி இறங்கினவன்தான். அவன் பாதி கோம்பை. மீதி என்னவென்று அவன் அம்மாவுக்குத்தான் வெளிச்சம். கோம்பை எங்கள் தேனி மாவட்டத்து ஊர், உத்தமபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. செம்பழுப்பு உடம்பு, கரிபூசினாற்போல மூஞ்சி, வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் வாங்கிய இனம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு கோம்பையின் பெயரும் வந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் கருவாயனுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார்.

பத்தாவது வயதில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மலைக்குப் போவது நின்றது. அதே வருடம்தான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். கல் பாதை போய் வழுவழுத் தரை வந்தது. மூன்று நான்கு மாதத்தில் அவன் கூடத்தில் நடந்தாலே டிக் டிக் டிக் என்று யாரோ டைப் அடிப்பது போலச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அந்தச் சத்தம்தான் கணக்கு. நாய் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் விரல் மேல்நோக்கித் தள்ளப்படும். அந்த வலிக்குப் பயந்து அது உடம்பைப் பின்னால் சாய்த்து நடக்கும், மூட்டுக்கு இன்னும் பாரம் ஏறும். ஏற்கெனவே இடுப்பு பிடித்த கிழட்டு நாய்க்கு அது இரட்டைச் சுமை. இதில் முன்னங்காலின் உள்பக்கம் சற்று மேலே, கட்டைவிரல் மாதிரி ஒரு நகம் இருக்கிறதே, அது தரையையே தொடாது. தேயவும் தேயாது. கொக்கி மாதிரி வளைந்து வளர்ந்து, கவனிக்காமல் விட்டால் சதைக்குள்ளேயே இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் வினை அந்தக் கொக்கி நகத்தால்தான் வந்தது.

தீபாவளிக்கு முந்தைய ராத்திரி. மாமா (என் மாமனாரைத்தான் சொல்கிறேன், வயது 78) திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தெருவில் யாரோ ஆட்டம்பாம் வைக்க, கருவாயன் பயந்து ஒரே பாய்ச்சலில் அவர் மடியில் ஏறினான். கொக்கி நகம் முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டது. மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து கிடக்கிறது. நமக்கென்றால் ஒரு கோடு விழுந்திருக்கும். அவருக்குத் தோல் மடிப்பாக உரிந்து, துண்டு நனைந்து, ரத்தம் நிற்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. ரத்தம் வரும்படி நாய் நகம் கீறினால், அது கடித்தது மாதிரிதான். வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று சும்மா இருக்கக் கூடாது. குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ காபித்தூளோ அப்பக் கூடாது. பிறகு டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிற தடுப்பூசித் தவணைகளை விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். மாமா எல்லாத் தவணையும் போட்டுக்கொண்டார், ஒவ்வொரு முறையும் கருவாயனைப் பார்த்து, “ஒன்னாலதான்டா பஸ் ஏறிப் போறேன்” என்று திட்டிக்கொண்டே.

விஷயம் மதினி காதுக்குப் போனது. என் வீட்டுக்காரரின் அக்கா. மாமாவின் ஒரே மகள். தீபாவளிச் சீருக்கு வந்தவர் அப்பாவின் கைக்கட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அப்பா முக்கியமா, நாய் முக்கியமா? நீங்களே சொல்லுங்க. பொங்கலுக்கு நான் வரும்போது ஒண்ணு அது நகம் இருக்கக் கூடாது, இல்ல அது இருக்கக் கூடாது. எஸ்டேட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க.”

அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், நடக்கவே சிரமப்படுகிற பத்து வயது நாயை மலையில் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சிறுத்தை நடமாடுகிற மலை. மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் வேன் பிடித்து ஒரு பிராணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம். வாயைத் துணியால் கட்டி, மேசையில் படுக்கவைத்து, நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். கருவாயனின் நகம் அத்தனையும் கறுப்பு. கறுப்பு நகத்துக்குள் ரத்தமும் நரம்பும் ஓடும் சதை எதுவரை இருக்கிறது என்று வெளியே தெரியாது. மூன்றாவது நகத்தில் கத்தரி உள்சதையைப் பிடித்துவிட்டது. அவன் கத்திய கத்தலில் வெளியே நின்ற ஆடு மாடெல்லாம் மிரண்டன. அவனை அறியாமல் மேசையிலேயே மூத்திரம் போய்விட்டான். போதும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்றிலிருந்து கால் பக்கம் கை போனால் உதட்டைத் தூக்கி உறுமினான். ஒன்பது வருடத்தில் எங்களைப் பார்த்து அவன் உறுமியதே கிடையாது.

கல்லூரி விடுதியில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன். அவள் முதலில் சொன்னது, “அம்மா, உறுமினா அடிக்காதீங்க. உறுமுறது அவன் பேச்சு. பேச விடலன்னா அடுத்தது நேரா கடிதான்” என்று. இது ரொம்பச் சரி. உறுமலை அதட்டி அடக்கிய நாய், பயம் போன நாய் இல்லை. எச்சரிக்கை கொடுக்காமல் கடிக்கக் கற்றுக்கொண்ட நாய்.

அடுத்து அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவிடம் போனோம். அவர் அவனைத் தொடக்கூட இல்லை. ஐந்து நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தார்.

“மொதல்ல வலியப் பாப்போம். பயத்தை அப்புறம் பாக்கலாம்” என்றார்.

இடுப்பு வலிக்கு மருந்து கொடுத்தார். நம் வீட்டில் கிடக்கிற வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது, குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார். சதைக்குள் இறங்கவிருந்த கொக்கி நகத்தை மட்டும், லேசாக மயக்க மருந்து கொடுத்து, அவனுக்குத் தெரியாமலே வெட்டிவிட்டார். மற்ற நகங்களுக்கு அவசரமில்லை, வீட்டிலேயே பழக்குங்கள் என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். “அதை அவன்தான் சொல்லணும்” என்று சிரித்தார். பொங்கலுக்கு ஐம்பது நாள் இருந்தது.

எப்படிப் பழக்குவது என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது வீடியோ இல்லை. ஒரு குதிரைக்காரர்.

எங்கள் ஊருக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு மலைக் குடியிருப்பு உண்டு. பெயரைக் கேட்டு ரயிலைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை மலை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் எங்கள் அடிவாரத்துக்கு இறங்கி, போடிக்குப் போகும். அந்த ரயில் பாதை 1924 வெள்ளத்தில் அழிந்துபோனது. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலையில் ஒட்டிக்கொண்டது. ரோடு இல்லாத பாதைகளில் இன்றும் குதிரை முதுகில்தான் சுமை ஏறுகிறது. தேர்தல் வந்தால் எங்கள் தொகுதியின் மலைக் கிராமங்கள் சிலவற்றுக்கு ஓட்டு மெஷினே குதிரை மேல்தான் போகும்.

சிறு வயதில் போடியில் மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடக்கும். கால் வேலை என்றால் அப்படித்தான் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. இந்தக் குதிரைக்காரர் செய்தது வேறு. சுமை ஏற்றுவதற்கு முன் குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் நேராகக் காலைப் பிடிக்கவில்லை. கழுத்தில் கை வைத்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். கை தோளுக்கு வந்தது, தோளிலிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து கீழே, ஒரு தடவைகூடத் தோலை விட்டு எடுக்காமல். “காலு” என்றார். குதிரை தானாகத் தூக்கிக் கொடுத்தது.

எப்படிண்ணே என்று கேட்டேன்.

“காலுதானம்மா அதோட உசுரு. ஒண்ணு வந்தா ஓடறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அதப் புடுங்கப் பாத்தா உதைக்காம என்ன செய்யும்? கேட்டு வாங்கணும். குட்டியில இருந்து கேட்டா குடுத்துரும். கெழடாப் போனத கேட்டா லேட்டாக் குடுக்கும். ஆனா குடுக்கும்.”

இதையே உலகம் முழுக்கப் பிராணிப் பயிற்சியாளர்கள் இப்போது வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள் என்று மகள் பிறகு விளக்கினாள். 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற மனோதத்துவப் பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுகூட ஆகாத பையனுக்கு, அவன் ஆசையாகச் சாப்பிடும் நேரத்தில் முயலை அறையின் ஒரு மூலையில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக் கொண்டுவந்தாராம். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். பயத்துக்குப் பக்கத்தில் பிரியமான ஒன்றை வைப்பது, தாங்குகிற தூரத்தில் ஆரம்பிப்பது. அவ்வளவுதான் முறை. எங்கள் ரயில் பாதை போன அதே வருடம் என்று எனக்கு உடனே ஞாபகத்தில் ஒட்டிக்கொண்டது.

முதல் நாள் நகவெட்டியைக் கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு முக்காலி மேல் வைத்தேன். நாய்க்கென்று தனி நகவெட்டி விற்கிறது, சில நூறு ரூபாய். நாம் பயன்படுத்துவது நாய் நகத்தை நசுக்கிவிடும். கருவாயன் அதைப் பார்த்தான், காது பின்னால் போனது. உடனே ஒரு துண்டு ஈரல். நகவெட்டியை முந்தானையில் மறைத்தேன், ஈரலும் நின்றது. மறுபடி காட்டினேன், மறுபடி ஈரல். பத்துத் தடவை. அன்றைய பாடம் முடிந்தது.

இதில் வரிசை முக்கியம். முதலில் நகவெட்டி தெரிய வேண்டும், பிறகுதான் தின்பண்டம். மாற்றிச் செய்தால், ஈரல் வாசனை வந்தாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் பதுங்க ஆரம்பித்துவிடும். கல்யாண வயதுப் பெண்ணுக்கு அம்மா திடீரென்று பூ வைத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்கிற மாதிரி.

தின்பண்டம் என்று சொன்னேன். வேகவைத்த கோழி ஈரல், முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் சுண்டுவிரல் நகத்தளவு போதும். உப்பு, வெங்காயம், மசாலா கூடாது. முக்கியமாகத் திராட்சை கூடாது. கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால், திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாயசத்து முந்திரி திராட்சையை ஆசையாக நாய்க்குப் போடுகிற தாத்தா பாட்டிகள் கவனிக்கவும். சாக்லேட்டும் அப்படியே.

ஒரு வாரத்தில் நகவெட்டியைப் பார்த்தால் வால் ஆட ஆரம்பித்தது. அப்புறம் கை. ஏலக்காய் மூட்டைச் சாக்கு ஒன்றை விரித்துப் போட்டேன், டைல்ஸில் வழுக்கினால் அந்தப் பயமும் சேர்ந்துகொள்ளும் என்பதற்காக. அந்தச் சாக்கு வாசனை அவனுக்கு மலையை ஞாபகப்படுத்தியதோ என்னவோ, தானாக வந்து படுத்தான். குதிரைக்காரர் சொன்னபடி தோளில் கை. ஈரல். தோளிலிருந்து முழங்கை. ஈரல். மணிக்கட்டுக்கு வர நான்கு நாள். பாதத்துக்கு இன்னும் ஐந்து நாள். ஒரு வேளைக்கு இரண்டு நிமிடம், காலையும் மாலையும். அவனுக்குச் சலிப்பதற்கு முன்னால் நான் எழுந்துவிடுவேன். இன்னும் ஒரு தடவை பார்ப்போமே என்ற ஆசைதான் இந்த வேலைக்கு முதல் எதிரி.

மகள் வீடியோ காலில் இன்னொன்று சொல்லிக்கொடுத்தாள். சிராக் படேல் என்ற பயிற்சியாளர் பரப்பிய ‘பக்கெட் கேம்’ என்ற விளையாட்டு. தின்பண்டம் உள்ள கிண்ணத்தை நாய்க்கு எதிரே வைக்க வேண்டும். நாய் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வரை நாம் தொடலாம். கண்ணை எடுத்தால் நாமும் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பப் பார்த்தால் திரும்பத் தொடலாம். அதாவது, வேண்டாம் என்று சொல்ல நாய்க்கு ஒரு வழி இருக்கிறது. பல்லைக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது நாளே கருவாயன் கண்டுபிடித்துவிட்டான். வேண்டுமென்றே கண்ணைத் திருப்புவான், நான் கையை எடுக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். எடுத்ததும் திரும்பக் கிண்ணத்தைப் பார்ப்பான். அப்படி நாலைந்து முறை சோதித்துப் பார்த்த பிறகு, அசையாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்த பிறகு அவன் நிறுத்தச் சொல்வதே குறைந்துபோனது.

நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏத்தா, எம் மகன் ஒங்கிட்ட உத்தரவு கேட்டு நடக்கான். நீ என்னடான்னா நாய்கிட்ட உத்தரவு கேக்குற” என்றார்.

சத்தத்துக்கும் பழக்கினோம். தென்னந்துடைப்பத்து ஈர்க்கை நகவெட்டியால் டக் டக்கென்று வெட்டினால் நகம் வெட்டுகிற சத்தமே வரும். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு ஈரல். புதுத் துடைப்பம் ஒன்று பாதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தன் பங்குக்குப் பலகை ஒன்றில் உப்புத்தாள் ஒட்டிக்கொண்டு வந்தார். தச்சர்கள் மரம் தேய்ப்பார்களே, அது. பலகையைச் சரிவாகப் பிடித்து, மேலே ஒரு துணிக்கு அடியில் தின்பண்டத்தை ஒளித்தால், நாய் முன்னங்காலால் பறண்டும். தன் நகத்தைத் தானே தேய்த்துக்கொள்ளும். கால் தொடவே விடாத நாய்க்கு இதிலிருந்துகூட ஆரம்பிக்கலாம். பின்னங்காலுக்கும் கொக்கி நகத்துக்கும் இது உதவாது.

முப்பத்தேழாவது நாள், மார்கழிக் குளிரில், முன் வலது காலில் ஒரு நகத்தின் நுனியைச் சீவினேன். கடுகளவுதான் இருக்கும். டக். கருவாயன் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிண்ணத்தோடு அவனுக்கே கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்த ஒரு நகம்தான். நானும் அன்று சாயங்காலம் வரை யாரிடம் பேசினாலும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

கறுப்பு நகக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரேயடியாக வெட்டக் கூடாது, சீவிச் சீவி வர வேண்டும். வெட்டிய முகத்தைப் பார்த்தால் முதலில் வறண்டு வெளுத்துத் தெரியும். நடுவில் ஈரமாக, கறுத்த ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அதற்கடுத்தது உயிருள்ள சதை. வெள்ளை நகமென்றால் உள்ளே இளஞ்சிவப்பாகவே தெரியும், தொல்லையில்லை. தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோள மாவை அப்பி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேலும் நிற்கவில்லையென்றால் டாக்டர். நீளமாக வளர்ந்துவிட்ட நகத்தில் உள்சதையும் கூடவே நீண்டிருக்கும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி வந்தால் அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே நாளில் அழகாக்க நினைப்பதில்தான் ரத்தம் வருகிறது.

பொங்கல் வந்தது. மதினியும் வந்தார். அதுவரை ஒன்பது நகம் முடிந்திருந்தது, பதினெட்டில் பாதி. பின்னங்கால் பக்கம் இன்னும் போகவே இல்லை.

மதினி எதுவும் கேட்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் நான் சாக்கை விரித்ததும் கருவாயன் தானாக வந்து படுத்தான். மதினி தூணில் சாய்ந்து நின்று முழுசாகப் பார்த்தார். நான் தொட்டேன், அவன் கண்ணைத் திருப்பினான், நான் கையை எடுத்தேன், காத்திருந்தேன். அவன் திரும்பினான், நான் சீவினேன். இரண்டு நிமிடம்.

“இப்படியே போனா மிச்சம் எப்ப முடியும்?”

“மாசிக்குள்ள முடிஞ்சிரும் மதினி.”

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மாமாவின் கையை இழுத்துப் பழைய தழும்பைத் தடவிப் பார்த்தார். “பங்குனி உத்திரத்துக்கு வருவேன்” என்றார். ஊருக்குக் கிளம்பும்போது மாமாவுக்கு இரண்டு முழுக்கைச் சட்டை வைத்துவிட்டுப் போனார். வீட்டிலும் முழுக்கைதான் போடணும், நாய் பக்கத்தில் வந்தால் மடியில் தலையணை வைத்துக்கொள்ளணும் என்று உத்தரவு. அது நல்ல யோசனைதான். ரத்தம் மெலியும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் உள்ள எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று தை மாதத்தில் நடந்தது. மாமாவுக்குச் சர்க்கரையும் உண்டு. கால் நகங்கள் மஞ்சளாகத் தடித்துப்போயிருந்தன. குனிய முடியாது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டால், “மருமக காலத் தொடுறதா, சும்மா இரு தாயி” என்று வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார். மகன் வெட்ட வந்தாலும் விடமாட்டார். எப்போதோ ஒருமுறை முடிதிருத்தும் கடையில் கட்டைவிரல் ஓரம் வெட்டுப்பட்டு, புண் ஆற இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் கருவாயன் பாடம் முடிந்து நான் எழுந்திருக்கும்போது, “தாயி, எனக்கும் அந்த மாதிரி கேட்டுக் கேட்டு வெட்டுவியா?” என்றார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டேன். சூடு சரியா என்று என் முழங்கையை விட்டுப் பார்த்துக்கொண்டேன், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சூடு உறைக்காது. ஈரம் துடைத்து, நேராக வெட்டினேன். ஓரங்களை வளைத்துத் தோண்டக் கூடாது, அதுதான் புண்ணுக்கு வழி. ஒரு விரல் முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன். அவர் தலையசைத்தால் அடுத்த விரல். இரண்டு விரல் ரொம்பத் தடிப்பு. அதை டாக்டரே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். முடிந்ததும், “ஈரல் இல்லியா?” என்று கேட்டார். (நகவெட்டி வேறு, கவலை வேண்டாம்.)

குட்டி வளர்ப்பவர்களுக்கு இத்தனை பாடு இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் வரை குட்டிகள் எதையும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் பருவம். அப்போது தினமும் ஒரு தடவை பாதத்தைப் பிடித்து, விரலை லேசாக அமுக்கி, ஒரு துண்டு முட்டை கொடுத்துப் பழக்கிவிட்டால் பிற்காலத்தில் நான்கு ஆள் தேவைப்படாது. எங்கள் எதிர்வீட்டுக் கோம்பைக் குட்டிக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது பத்தே நாளில் மல்லாந்து படுத்து நாலு காலையும் நீட்டுகிறது. கருவாயன் அதைத் திண்ணையிலிருந்து கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறான்.

பங்குனியில் பதினேழு நகம் முடிந்தது. டிக் டிக் சத்தம் நின்றுவிட்டது. இடுப்பு வலி போய்விடவில்லை, ஆனால் டைல்ஸில் கால் பரத்தி விழுவது குறைந்திருக்கிறது. காலையில் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் கல் பாதையில் கால் மணி நேரம் மெதுவாக நடந்துவிட்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை முன்னங்கால், புதன்கிழமை பின்னங்கால். கிண்ணம் பிடிப்பது மாமாவின் வேலை. முழுக்கைச் சட்டையோடு நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பின் இடது காலில் கடைசி நகம் ஒன்றை மட்டும் அவன் இன்னும் கொடுக்கவில்லை. அங்கே கை போனாலே கண் கிண்ணத்தை விட்டுப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் வந்த அதே நகம். டாக்டரம்மாவிடம் சொன்னேன். பின்னங்கால் நகம்தானே, நடக்கிற கல்லில் தேய்ந்துகொள்ளும், விடுங்கள் என்றார். விட்டிருக்கிறோம்.